மென்மையான வீட்டு சோப்பு: தேங்காய் எண்ணெயா, ஆலிவா, கலவையா?

வீட்டில் சோப்பு செய்ய இறங்குகிறவர்கள் முதலில் மோதிக்கொள்வது செய்முறையில்தான். அடுப்பில் ஏற்றாமல் செய்யும் கோல்டு பிராசஸ் நல்லதா, காய்ச்சிச் செய்யும் ஹாட் பிராசஸ் நல்லதா என்று வாதம் நீண்டுகொண்டே போகும். அடுத்து மூலிகைப் பொடியில் மோதல், அதற்கடுத்து பாலிலும் தேனிலும். ஆனால் ஒரு சோப்பு தோலை எவ்வளவு மென்மையாக நடத்தும் என்பது இவை எதிலும் பெரிதாகத் தீர்மானமாவதில்லை. எந்தக் கொழுப்பு அமிலம் எத்தனை சதவீதம் இருக்கிறது, காரம் (காஸ்டிக் சோடா) எவ்வளவு குறைத்துப் போடப்பட்டது என்ற இரண்டில்தான் முக்கால்வாசி விஷயம் அடங்கியிருக்கிறது. அதனால் இந்த அலசலில் எண்ணெய்களுக்கு நிறைய இடம் கொடுக்கிறேன். மற்றவற்றுக்குத் தேவையான அளவு மட்டும்.

எண்ணெய் என்பது ஒரு கிளிசராலோடு மூன்று கொழுப்பு அமிலங்கள் இணைந்த மூலக்கூறுகளின் கூட்டம். காஸ்டிக் சோடா, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு, அந்த இணைப்பை உடைக்கிறது. கிளிசரால் தனியே வந்துவிடுகிறது. கொழுப்பு அமிலம் ஒவ்வொன்றும் சோடியத்தோடு சேர்ந்து சோப்பாகிறது. பிரெஞ்சு வேதியியலாளர் மிஷேல் யூஜின் செவ்ரல் 1823-இல் வெளியிட்ட நூலில் கொழுப்புகளின் உள்ளமைப்பை விளக்கிக் காட்டினார். அதற்கு முன்பு, எண்ணெயும் காரமும் அப்படியே ஒட்டிக்கொண்டால் சோப்பு என்றுதான் பொதுவாக நினைத்தார்கள். அவர் காட்டிய பிறகு ஒன்று புரிந்துவிடுகிறது: சோப்பில் எண்ணெய் எண்ணெயாக இருப்பதில்லை. ஆகவே 'ஆலிவ் எண்ணெயின் நற்குணம் எல்லாம் சோப்பிலும் இருக்கும்' என்று எதிர்பார்ப்பதில் பொருளில்லை. எந்தக் கொழுப்பு அமிலத்தின் உப்பு கையில் இருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

முதலில் பிஎச் பற்றி

பிஎச் என்பது ஒன்று அமிலமா காரமா என்று காட்டும் அளவு; 7 நடுநிலை, கீழே அமிலம், மேலே காரம். தோலின் பிஎச் சுமார் 4.5 முதல் 5.5 வரை. நன்றாகச் செய்து முதிர்ந்த சோப்பின் பிஎச் 9-க்கும் 10-க்கும் இடையில், சில நேரம் இன்னும் சற்று மேலே. இது எல்லா உண்மையான சோப்புக்கும் பொது. வலிமையான காரமும் வலுக்குறைந்த அமிலமும் சேர்ந்த உப்பு நீரில் கரைந்தால் காரத்தன்மைதான் காட்டும். எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஊற்றி இதை 5.5-க்கு இறக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்த அளவுக்கு அமிலம் சேர்த்தால் சோப்பு உடைந்து மறுபடி கொழுப்பு அமிலமாகிவிடும். அதில் நுரையும் வராது, அழுக்கும் போகாது.

'காஸ்டிக் சோடா சேராத கையால் செய்த சோப்பு' என்பதும் அப்படித்தான். காரம் இல்லாமல் சோப்பு உண்டாகாது. சரியாக அளந்து செய்த சோப்பில் கடைசியில் காரம் மிஞ்சியிருக்காது என்பதுதான் உண்மை. ஆகவே இரண்டு வீட்டு சோப்புகளை ஒப்பிட பிஎச் உதவாது. ஒரே பிஎச் உள்ள இரண்டு கட்டிகளில் ஒன்று தோலை இழுத்துப் பிடிக்கும், இன்னொன்று விட்டுவைக்கும். அந்த வித்தியாசம் வேறு இடத்திலிருந்து வருகிறது.

தேங்காய் எண்ணெய் எதிர் ஆலிவ் எண்ணெய்

தேங்காய் எண்ணெயில் கிட்டத்தட்ட பாதி லாரிக் அமிலம். 12 கார்பன் கொண்ட குட்டைச் சங்கிலி. அதோடு 14 கார்பன் கொண்ட மிரிஸ்டிக் அமிலம் ஏறத்தாழ 18 சதவீதம், 8-ம் 10-மாகக் கார்பன் கொண்ட இன்னும் குட்டையானவை சேர்ந்து 15 சதவீதத்தை ஒட்டி. ஆலிவ் எண்ணெயில் 55 முதல் 83 சதவீதம் வரை ஒலீயிக் அமிலம். 18 கார்பன், நடுவில் ஒரு இரட்டைப் பிணைப்பு.

இந்த நீள வித்தியாசம் தோலில் எப்படித் தெரிகிறது? சோப்பு மூலக்கூறுகள் நீரில் ஒரு குறிப்பிட்ட செறிவைத் தாண்டியதும் கூடி உருண்டைகளாகின்றன. அவற்றுக்கு மைசெல் என்று பெயர். லாரிக் அமிலத்தின் சோப்பான சோடியம் லாரேட்டுக்கு அந்தச் செறிவு லிட்டருக்கு 25 மில்லிமோலை ஒட்டி இருக்கிறது. ஒலீயிக்கின் சோப்பான சோடியம் ஒலியேட்டுக்கு ஒன்றிரண்டு மில்லிமோலே போதும். அதாவது ஒலியேட் சீக்கிரமே கூட்டமாகச் சேர்ந்துவிடுகிறது. லாரேட்டோ தனித்தனி மூலக்கூறாக நிறைய திரிகிறது. தனியாகத் திரியும் சின்ன மூலக்கூறு தோலின் மேலடுக்குக்குள் எளிதாக நுழைந்து, அங்குள்ள புரதத்தோடு ஒட்டி, கொழுப்பையும் கிளறிவிடும். குளித்த பிறகு முகம் இழுப்பதுபோல் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதே லாரேட்தான் பெரிய குமிழி நுரையையும் கொடுக்கிறது, குளிர்ந்த நீரிலும் உப்பு நீரிலும்கூடக் கரைகிறது. கடல் நீரில் நுரைக்கும் சோப்பு வேண்டும் என்றால் தேங்காய் எண்ணெயை விட்டால் வழியில்லை.

ஆலிவ் சோப்பு இதற்கு நேர் எதிர். தோலுக்கு இதமானது, ஆனால் நுரை குறைவு, அதுவும் மெல்லிய பாகு போன்ற நுரை. ஈரம் பட்டால் மேற்பரப்பு வழவழவென்று நூல் இழுக்கும். பலருக்கு இது பிடிப்பதில்லை. சோடியம் ஒலியேட் நீரைக் குடித்து ஜெல் மாதிரி உப்புவதால் வருவது இது. நீண்ட நாள் முதிரவிட்டால் குறையும், முழுதாகப் போகாது.

கெட்டித்தன்மையிலும் இரண்டும் இரண்டு துருவம். நூறு சதவீதத் தேங்காய் எண்ணெய் சோப்பு ஒரு நாளுக்குள் கல்லாகிவிடும். தாமதித்து வெட்டினால் விளிம்பு நொறுங்கும். ஆலிவ் சோப்பு முதலில் மெத்தென்று இருந்து, பல மாதங்கள் கழித்து நல்ல கட்டியாகும். ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை காத்திருக்கிறவர்கள் உண்டு. பொறுமை இருந்தால் அந்தக் காத்திருப்புக்குப் பலன் உண்டு என்றே சொல்வேன்.

அப்படியானால் தேங்காய் எண்ணெய் சோப்பை உடம்புக்குப் பயன்படுத்தவே முடியாதா? முடியும். அதற்குத்தான் சூப்பர்ஃபேட். எல்லா எண்ணெயையும் சோப்பாக்கத் தேவையான காரத்தைவிட வேண்டுமென்றே குறைத்துப் போட்டு, கொஞ்சம் எண்ணெயைச் சோப்பாகாமல் விட்டுவைப்பது. சாதாரணமாக 5 சதவீதம் வைப்பார்கள். தனித் தேங்காய் எண்ணெய்க்கு 20 சதவீதம் வரை போகலாம். கழுவும் சக்தியில் ஒரு பங்கை அந்த எண்ணெயே வாங்கிக்கொள்வதால் தோலுக்குப் போகும் தாக்கம் குறைகிறது. லாரேட்டின் நுரை அவ்வளவு வலுவானது என்பதால் 20 சதவீத எண்ணெயைச் சுமந்தும் நன்றாக நுரைக்கும். ஆலிவில் இதையே செய்தால் நுரை அடங்கிப்போகும், கட்டி குழகுழப்பாகும். ஆக சூப்பர்ஃபேட் எல்லா எண்ணெய்க்கும் ஒரே எண் இல்லை.

எனக்கு இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றால், வறண்ட தோலுக்கு ஆலிவ். எண்ணெய்ப் பசையான தோலுக்கும் கை கழுவவும் 20 சதவீத சூப்பர்ஃபேட் தேங்காய். ஆனால் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் எதற்கு?

கலவை ஏன் ஜெயிக்கிறது

ஒலீயிக் அமிலத்தை அடிப்படையாக வைத்து, நுரைக்குத் தேவையான அளவு மட்டும் லாரிக் சேர்ப்பதுதான் மென்மையான சோப்பின் ரகசியம் எல்லாம். தேங்காய் எண்ணெய் 20 சதவீதத்தில் நின்றால் பெரும்பாலான தோலுக்குப் பிரச்சினை இல்லை. 30-ஐத் தாண்டினால் வறட்சி தெரியத் தொடங்கும். கை சுருக்கென்று காய்ந்துபோகும் தோல் உள்ளவர்கள் 15-க்கே இறங்கலாம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். மொத்த எண்ணெய் 1000 கிராம்: ஆலிவ் 700, தேங்காய் 200, விளக்கெண்ணெய் 50, ஷியா பட்டர் (ஷியா கொட்டையின் கொழுப்பு) 50. ஒவ்வொரு கிராம் எண்ணெய்க்கும் தேவையான காஸ்டிக் சோடா வேறு. தேங்காய் எண்ணெய்க்கு 0.183 கிராம், ஆலிவுக்கு 0.134, விளக்கெண்ணெய்க்கும் ஷியாவுக்கும் 0.128. தேங்காய்க்கு ஏன் இவ்வளவு அதிகம் என்றால், குட்டைச் சங்கிலி என்பதால் ஒரே எடைக்குள் அதிக எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு சோடியம் வேண்டுமே. பெருக்கிக் கூட்டினால் 93.8, 36.6, 6.4, 6.4, ஆக 143.2 கிராம். 5 சதவீதம் குறைத்தால் 136 கிராம். தண்ணீர் அதைப்போல் இரண்டு மடங்கு, 272 கிராம்.

இந்தக் கலவையில் விளக்கெண்ணெய் ஏன்? அதில் 90 சதவீதத்தை ஒட்டி ரிசினோலியிக் அமிலம். தானாகப் பெரிய நுரை தராது, மற்ற எண்ணெய்களின் நுரையைக் கலையாமல் பிடித்துவைக்கும். 5 முதல் 8 சதவீதம் போதும், கூடினால் பிசுபிசுக்கும். ஷியா பட்டர் ஸ்டியரிக் அமிலத்தால் கட்டிக்குக் கெட்டி தருகிறது. அந்த வேலையைப் பாமாயிலின் பால்மிட்டிக் அமிலமும் செய்யும்.

ஆலிவுக்குப் பதில் சூரியகாந்தி எண்ணெய் போடலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். அதில் இரண்டு வகை. ஒலீயிக் அதிகமுள்ள வகை என்றால் தாராளமாகப் போடலாம். சாதாரண வகையில் லினோலியிக் அமிலம் மிகுதி. அது காற்றில் சீக்கிரம் ஆக்சிஜனேற்றம் அடைந்து, சில மாதங்களில் கட்டியில் ஆரஞ்சுப் புள்ளிகளும் சிக்கு வாடையும் வரவைக்கும். நல்லெண்ணெய், தவிட்டு எண்ணெய் இரண்டிலும் லினோலியிக் கணிசமாக உண்டு. மொத்தக் கலவையில் லினோலியிக் 15 சதவீதத்துக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்வது நல்ல வழக்கம். சூப்பர்ஃபேட் கூடக்கூட இந்தச் சிக்கல் கூடும், ஏனென்றால் முதலில் கெடுவது சோப்பாகாமல் நிற்கும் எண்ணெய்தான்.

கோல்டு பிராசஸ் எதிர் ஹாட் பிராசஸ்

இரண்டிலும் நடப்பது ஒரே வினை. கோல்டு பிராசஸில் எண்ணெயையும் காரக் கரைசலையும் வெதுவெதுப்பாகக் கலந்து, கெட்டியாகத் தொடங்கும் டிரேஸ் பதத்தில் அச்சில் ஊற்றிவிடுகிறோம். வினை பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் முடிந்துவிடும். அதன் பின் 4 முதல் 6 வாரம் வைப்பது காரம் 'சாகட்டும்' என்பதற்காக என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த வாரங்களில் தண்ணீர் வெளியேறுகிறது, சோப்பின் படிக அமைப்பு ஒழுங்காகிறது. கட்டி கெட்டியாகிறது, நுரை மேம்படுகிறது, தோலிலும் இதமாகிறது.

ஹாட் பிராசஸில் ஒன்றிரண்டு மணி நேரம் சூட்டிலேயே வைத்து வினையை முடித்துவிடுகிறோம். மறுநாளே பயன்படுத்தலாம் என்பார்கள். பாதுகாப்புக் கோணத்தில் சரி. ஆனால் அதில் தண்ணீர் அதிகம், எனவே சில வாரம் காயவைக்காவிட்டால் சீக்கிரம் கரைந்துபோகும். ஆக நேர மிச்சம் என்ற சாதகம் பாதிதான் உண்மை.

ஹாட் பிராசஸுக்கு ஒரு நிஜமான பலம் உண்டு. கோல்டு பிராசஸில் எந்த எண்ணெய் சூப்பர்ஃபேட்டாக மிஞ்சும் என்பதை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. டிரேஸ் வந்த பிறகு ஷியாவை ஊற்றினாலும், அந்த நேரத்தில் பெரும்பகுதிக் காரம் இன்னும் வினைபுரியாமல் இருக்கும். அது ஷியாவையும் சேர்த்தே சாப்பிடும். ஹாட் பிராசஸில் காரம் தீர்ந்த பின் சேர்ப்பதால், சேர்த்த எண்ணெய் பெரும்பாலும் அப்படியே நிற்கும். மற்றபடி ஒரே கலவை, ஒரே சூப்பர்ஃபேட், நன்கு காய்ந்த கட்டிகள் என்றால் தோலுக்குத் தெரியும் வித்தியாசம் மிகச் சிறியது. மழமழப்பான கட்டி வேண்டுமா, சொரசொரப்பு பரவாயில்லையா என்பதை வைத்துத் தேர்ந்தெடுங்கள். நான் கோல்டு பிராசஸ் பக்கம். கொதிக்கும் சோப்பு பொங்கி வழியும் ஆபத்து அதில் இல்லை.

அளவில் தவறினால் எல்லாம் வீண்

மேலே சொன்ன அத்தனை ஒப்பீட்டையும் ஒரு மட்டமான தராசு அடித்துப்போட்டுவிடும். எண்ணெயை மில்லிலிட்டரில் அளக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதைக்கிறது. ஒரு லிட்டர் எண்ணெயின் எடை சுமார் 920 கிராம்தான். அதை 1000 கிராம் என்று எடுத்துக்கொண்டு 5 சதவீத சூப்பர்ஃபேட் கணக்கில் காரம் போட்டால், சூப்பர்ஃபேட் மறைந்து 3 சதவீதம் காரம் மிஞ்சி நிற்கும். அந்த சோப்பு தோலைப் புண்ணாக்கும்.

சிறிய அளவில் செய்துபார்ப்பது பாதுகாப்பு என்பதும் பாதி உண்மைதான். 300 கிராம் எண்ணெய்க்குக் காரம் 40 கிராமை ஒட்டி வரும். அதில் 2 கிராம் கூடினாலே 5 சதவீதம் போயிற்று. ஒரு கிராம் துல்லியமுள்ள தராசு என்றால் 500 கிராம் எண்ணெய்க்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது. காஸ்டிக் சோடாவும் திறந்து வைத்தால் காற்றிலிருந்து ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்து வலு இழக்கும். இறுக மூடும் டப்பா அவசியம்.

காரத்தைத் தண்ணீரில் போட வேண்டும். காரத்தின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கரையும்போதே 80 டிகிரியைத் தாண்டிச் சூடேறும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, அது காரத்தோடு வினைபுரிந்து எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயுவை விடும். துருப்பிடிக்காத எஃகும் பாலிபுரோப்பிலீனும் சரி. கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, காற்றோட்டம், பக்கத்தில் குழந்தைகள் இல்லாமை, இவை நான்கும் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். தோலில் பட்டால் வினிகரைத் தேடாமல் ஓடும் தண்ணீரில் நீண்ட நேரம் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவ உதவி தேட வேண்டும்.

முடிந்த சோப்பைச் சோதிக்க பிஎச் தாளையும் பினால்ப்தலீன் என்ற நிறங்காட்டியையும் நம்புகிறார்கள். பினால்ப்தலீன் பிஎச் 8-ஐத் தாண்டியதும் இளஞ்சிவப்பாகத் தொடங்குவதால் நல்ல சோப்பும் நிறம் காட்டும். தாளோ சோப்புக் கரைசலில் தவறாகவே காட்டும். ஈர விரலைக் கட்டியில் தேய்த்து நாக்கு நுனியில் தொட்டுப் பார்ப்பது பழைய வழி. சுரீரென்று ஷாக் அடித்தாற்போல் இருந்தால் காரம் மிஞ்சியிருக்கிறது. வெறும் சோப்புச் சுவை என்றால் சரி.

சேர்மானங்களில் எது வேலை செய்கிறது

பால், தேன், மூலிகைப் பொடி ஒரு பக்கம். ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலம் மறுபக்கம். என் ஓட்டு சிட்ரிக் அமிலத்துக்கு. பாலிலும் தேனிலும் உள்ள சர்க்கரை நுரையைக் கொஞ்சம் கூட்டும், சோப்பைப் பழுப்பாக்கும், சூட்டையும் ஏற்றும். பச்சை இலைப் பொடிகள் காரத்தில் நிறம் மாறிப் பெரும்பாலும் பழுப்பில் முடியும். காரத்தையும் தாண்டி, தோலில் சில நொடியே தங்கி நீரோடு போகும் ஒரு பொருளில் இலையின் மருத்துவ குணம் எவ்வளவு மிஞ்சும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

சிட்ரிக் அமிலம் காரத்தோடு சேர்ந்து சோடியம் சிட்ரேட்டாகிறது. அது கடின நீரின் கால்சியம், மக்னீசியத்தைப் பிடித்துக்கொள்வதால் சோப்புக் கசடு குறைகிறது. அந்தக் கசடுதான் தோலிலும் முடியிலும் ஒட்டி அரிக்கவைக்கும் ஒன்று. 1000 கிராம் எண்ணெய்க்கு 10 கிராம் போதும். ஆனால் அது தின்னும் காரத்துக்கு ஈடாக 6.2 கிராம் காஸ்டிக் சோடாவைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். மறந்தால் சூப்பர்ஃபேட் அந்த அளவுக்கு ஏறிவிடும்.

வாசனையில் தயவு பார்க்க வேண்டாம். மென்மையான சோப்பு என்றால் வாசனை இல்லாத சோப்பு. இயற்கை எண்ணெய்தானே என்பது சமாதானம் ஆகாது. தோல் ஒவ்வாமைக்கு வாசனைப் பொருட்கள் முன்னணிக் காரணங்களில் ஒன்று. குழந்தைக்கென்று செய்கிறவர்கள் இதை முதலில் விடட்டும்.

மெல்ட் அண்ட் போர், சின்டெட்

உருக்கி ஊற்றும் ஆயத்தக் கட்டியில் காரத்தைத் தொட வேண்டியதில்லை, அது பெரிய நிம்மதி. ஆனால் கொழுப்பு அமில விகிதம் நம் கையில் இல்லை. பலவற்றில் சோடியம் லாரில் சல்பேட் போன்ற செயற்கைக் கழுவிகளும் கலந்திருக்கும். மென்மையே குறி என்றால் சேர்மானப் பட்டியலைப் படித்து வாங்குங்கள்.

சின்டெட் கட்டி வேறு இனம். சோடியம் கோகோயில் ஐசெத்தியோனேட் போன்ற செயற்கைக் கழுவிகளால் ஆனது. உண்மையில் சோப்பே இல்லை. அதனால்தான் அதன் பிஎச்சை 5.5 முதல் 7 வரை இறக்க முடிகிறது, கடின நீரிலும் கசடு வருவதில்லை. கையால் செய்த சோப்பின் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் இருந்தாலும், எக்சிமா உள்ள தோலுக்கும், வெடித்து எரியும் முகத்துக்கும், பிறந்த குழந்தைக்கும் வாசனையற்ற சின்டெட்டே மேல் என்றுதான் சொல்வேன். காரத்தன்மை தோலின் மேலடுக்கிலுள்ள நொதிகளின் சமநிலையைக் கெடுக்கிறது. பழுதில்லாத தோல் சில மணி நேரத்தில் தன்னைச் சரிசெய்துகொள்ளும், ஏற்கெனவே பழுதான தோலுக்கு அது கடினம். இவர்களைத் தவிர மற்றவர்களுக்கு, உடம்புக்கும் கைக்கும், 70 சதவீத ஆலிவும் 20 சதவீதத் தேங்காயும் கொண்ட கட்டி தாராளமாகப் போதும். முதல் தடவை முன்கையின் உட்புறத்தில் இரண்டு மூன்று நாள் தேய்த்துப் பார்த்துவிட்டு, சிவக்கவில்லை என்றால் குளியலறைக்குக் கொண்டுபோங்கள்.